இருப்பதிலேயே மந்தமான கேமரா

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கடையில் நிற்கும்போது ஒரு வாடிக்கையாளர் கேட்ட கேள்வியைச் சுட்டுக்கொண்டு வந்துவிட்டேன். (கடையிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. கேள்வியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. படித்துப் பார்த்துவிட்டேன்.)

கேள்வி இதுதான்: "இருக்கறதுலயே மந்தமான கேமரா எது?"

டாஸ்மேனியாவில், ஹூயான் ஆற்றோரத்து ஊர் ஒன்றில், பண்ணைச் சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். மாட்டுக்குக் குடற்புழு மருந்து, ரப்பர் பூட்ஸ், வேலிக்கம்பி, கோழித்தீவனம். இவற்றுக்கு நடுவே ஓர் அலமாரி நிறையத் தானியங்கி கேமராக்கள். மரத்தில் கட்டிவிட்டு வந்தால் போதும், எதிரே ஏதாவது உயிர் நடமாடினால் தானே படம் எடுத்துவிடும். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கேட்பார்கள்: எது வேகமானது, எது தூரம்வரை பார்க்கும், எது மழையில் சாகாது. மந்தமானதைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

கேட்டவர் லின்டல் பர்சல். அறுபதைத் தாண்டிய பெண்மணி, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர், என் வீட்டுச் சொந்தக்காரர். அவர் வீட்டின் பின்னறையில்தான் நான் குடியிருக்கிறேன்.

"மந்தமானதா?" என்றேன்.

"ஆமா கண்ணு. நிதானமா யோசிச்சு எடுக்கற மாதிரி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"இது கேக் சுடற அடுப்பில்ல லின்டல். எதிர்ல ஓடற மிருகத்தப் பிடிக்கணும். மந்தமா இருந்தா அது ஓடிப்போனப்பறம் வெறும் புல்லுதான் விழும்."

"புல்லு நல்லாத்தான இருக்கும்," என்றார், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "பச்சையா."

கதை அங்கேயே என் மடியில் விழுந்துவிட்டது. மிச்சமெல்லாம் இவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று சொல்வதுதான். அதற்கு எனக்கு இவ்வளவு பக்கம் ஆகிறது. நான் மந்தமான ரகம்.*

(* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இவர்கள் பேசுவது ஆங்கிலம். யாரை "நீ" என்பது, யாரை "நீங்க" என்பது எல்லாம் நான் முடிவு செய்தது. லின்டல் என்னைக் "கண்ணு" என்பதும் அப்படித்தான். அவர் குரலைக் கேட்டிருந்தால் நீங்களும் அதைத்தான் எழுதியிருப்பீர்கள். புகார் இருந்தால் என்னிடம் வாருங்கள், அவர்களிடம் போகாதீர்கள். ஏற்கெனவே நிறைய அனுபவித்துவிட்டார்கள்.)

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

ஹூயான் ஆற்றின் மேல் பால் போல மூடுபனி இறங்கியிருந்த அந்தக் காலையில், ஆப்பிள் பூக்களின்

(வேண்டாம். மூடுபனியை எழுத ஆரம்பித்தால் பக்கம் நிறையும், கோழி சாகாது. இந்தக் கதையில் கோழி செத்தாக வேண்டும்.)

அடுத்தது:

நெவில் மேல் கொலைப்பழி விழுந்தபோது அவன் சோபாவில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நெவில் யாரோ ஒரு சோம்பேறிக் கணவன் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். நெவில் நாய். லின்டலின் நாய். இந்த ஊரில் நாய்க்கு மனிதப் பெயரும் படகுக்குப் பெண் பெயரும் வைப்பார்கள். குழந்தைகளுக்குத்தான் என்னென்னவோ வைக்கிறார்கள். நெவில் கெல்ப்பி இனம், ஆடு மேய்க்கவென்றே பிறந்தது. ஆட்டைப் பார்த்தால் லின்டலின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

அப்படியானால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நேராகச் சொன்னால் அது இலக்கியம் இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

லின்டலின் வேலிக்கு அந்தப்பக்கம் ரஸ் டாகெட்டின் ஆப்பிள் தோட்டம். ரஸ்ஸுக்கும் லின்டல் வயதுதான் இருக்கும். அவர் ஆப்பிளை வயிற்றுக்காக வளர்க்கிறார், கோழியை மானத்துக்காக. ஆஸ்ட்ரலார்ப் என்ற கறுப்புக் கோழிகள். வெயிலில் பார்த்தால் பச்சையாக மின்னும். ஒவ்வொரு வசந்தத்திலும் வேளாண் கண்காட்சிக்கு முன்னால் அவற்றைக் குழந்தைகள் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, தலைமுடி உலர்த்தும் கருவியால் உலர்த்தி, கொண்டைக்கு எண்ணெய் தடவிக் கூட்டிப்போவார். தன் தலைக்கு அவர் ஷாம்பூ போட்டு யாரும் பார்த்ததில்லை.

இந்த வசந்தத்தில் அந்தக் கோழிகள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. கூட்டுக்குள் இல்லை. (கூட்டை ஒழுங்காக அடைத்தால் என்ன என்று கேட்கத்தானே வாயைத் திறந்தீர்கள்? அடைக்கிறார். விடிந்ததும் மரங்களுக்கடியில் மேயத் திறந்துவிடுவார். அந்த நேரத்தில்தான் செத்தன.) ஒரு காலை, தோட்டத்திலிருந்து நெவில் வெளியே வந்தபோது அவன் வாயில் ஒரு கறுப்பு இறகு இருந்தது.

ரஸ் நேரே லின்டலிடம் போயிருக்கலாம். வேலி இடுப்பு உயரம்தான். போகவில்லை. ஊர் மண்டபத்தில் கண்காட்சிக் குழுவின் கூட்டம் முடிந்து, எல்லோரும் டீயும் தேங்காய்த்தூள் தூவிய கேக்கும் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது சொன்னார்.

"லின்டல், உன் நாய் என் கோழிங்களத் தின்னுது."

"யாரு, நெவிலா? அவனுக்கு பிஸ்கட்டயே பால்ல நனைச்சுக் குடுத்தாத்தான் எறங்கும்."

"வாயில இறகு இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"உன் வாய்க்கு மேலகூட மீசை இருக்கு. அதுக்காக நீ பூனைன்னு ஆயிடுமா?"

மண்டபம் சிரித்தது. அங்கேதான் வினை. சிரிப்பு வந்தபோது ரஸ்ஸின் காது சிவந்தது.

"அவன்தான்னு தெரியட்டும். என் வேலிக்குள்ளயே வச்சு சுடறேன்."

"நீ ஒண்ணும் சுட வேணாம். உன் குறிக்கு ஆப்பிள் மரந்தான் சாகும். அவன்தான்னு தெரிஞ்சா நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்டு முடிச்சுடறேன். போதுமா?"

யாரும் கேக்கை மெல்லவில்லை. இந்த ஊரில் எழுதிக் கையெழுத்துப் போட்டதை மாற்றிக்கொள்ளலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம். மண்டபத்தில் டீக்கோப்பையோடு நின்று சொன்னதை மாற்ற முடியாது.

"ஒரு கேமரா வைங்களேன், தெரிஞ்சுட்டுப் போவுது," என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

அது என் குரல். மறுநாள்தான் லின்டல் கடைக்கு வந்து, மந்தமானது எது என்றார்.

3

ஒரு பாத்திரத்தை எழுதும்போது அது எதை விரும்புகிறது என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும் என்பார்கள். லின்டல் எதை விரும்புகிறார் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன்: நெவில் குற்றமற்றவன் என்று நிரூபிக்க. அதற்கேற்ற வசனங்கூட எழுதினேன். "என் நாய் நிரபராதி, இதோ ஆதாரம்" என்று மண்டபத்தில் நின்று அவர்

நிரூபிக்க விரும்புகிறவர் ஏன் மந்தமான கேமரா கேட்க வேண்டும்?

பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். (பேனா இல்லை, செல்போன். கடையில் தீவன மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டைவிரலால் எழுதுகிறேன். பேனா என்றால் கௌரவமாக இருக்கிறது.) யோசித்தபோது பிடிபட்டது. லின்டலுக்கு நெவில்மேல் நம்பிக்கை இல்லை. அவன்தான் செய்திருப்பான் என்று அவர் நினைக்கிறார். அதனால் கேமரா அவன் ஓடிப்போன பிறகு, நிதானமாக, புல்லைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, நல்ல முடிச்சு. ஒரு பக்கம் நாயைக் காப்பாற்ற நினைக்கும் கிழவி, மறுபக்கம் கொலைகாரனைத் தேடும் கிழவர். எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அன்று மத்தியானமே ரஸ் கடைக்குள் வந்து முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

லின்டலுக்கு நான் எதையும் விற்கவில்லை. இருவரும் சேர்ந்து ஒன்று வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டேன். ரஸ் வந்தபோது இருப்பதிலேயே வேகமானதை எடுத்து அவர்முன் வைத்தேன்.

"இது கொஞ்சம் ஓவரா தெரியல?" என்றார். "எங்கிட்ட இருக்கறது கோழி, மாஸ். பந்தயக் குதிரை இல்ல." (என் பெயர் மாரிக்கனி. இந்த ஊரில் யாருடைய பெயரும் முழுதாக உயிரோடு இருப்பதில்லை.)

"படம் எடுக்கப்போறது கோழிய இல்லயே. கொலைகாரன."

"அதான். கொலைகாரனுக்கும் கொஞ்சம் டைம் குடுக்கணும்ல."

"எதுக்கு? தலை சீவிக்கவா?"

ரஸ் சுற்றும்முற்றும் பார்த்தார். கடையில் ஒரு செம்மறிக்கிடா படம் போட்ட நாட்காட்டியைத் தவிர யாரும் இல்லை.

"அவன் தெனமும் காலைல என் சமையக்கட்டுக்கு வருவான்," என்றார். "டோஸ்ட்டு ஓரம் அவனுக்குத்தான். வெஜிமைட் தடவி. லின்டல்கிட்ட மூச்சு விட்றாத, அவ அவன டயட்ல வச்சிருக்கா."

"அப்ப மண்டபத்துல சுடுவேன்னீங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்கல்ல." கேமரா பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "சிரிச்சதும் வாய் அதுபாட்டுக்குப் பேசிடுச்சு. இப்ப ஊரே கேக்குது, என்னாச்சு ரஸ், சுட்டியா ரஸ்னு. பெட்ரோல் போடற எடத்துலகூட. மந்தமா ஒண்ணு இல்லயா, மாஸ்? கொஞ்சம் கண்ணு தெரியாதது?"

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு பேர், ஒரு வேலி, ஒரே நாயைக் காப்பாற்ற ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் குருட்டுக் கேமரா தேடுகிறார்கள்.

(உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிகிறது. தனியாக இருக்கும் இரண்டு பேர், வேலி, ஆப்பிள் பூ. இல்லை. இது காதல் கதை இல்லை. எழுதிப் பார்த்தேன். "ரஸ்ஸின் விரல்கள் வேலியின் மேல் லின்டலின் விரல்களை" என்று ஒரு வரி தொடங்கி, லின்டல் என்னைப் பார்த்த பார்வையில் அழித்துவிட்டேன். பேருந்தில் கடைசி இருக்கையில் சூயிங்கம் ஒட்டுகிற பையன்களை அவர் கண்ணாடியில் பார்க்கும் பார்வை அது.)

4

கேமரா தேர்ந்தெடுப்பது பற்றி நான்கு வார்த்தை. இது கட்டுரைப் பகுதி. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் பிறகு புரியவில்லை என்று வரக் கூடாது.

வெளிச்சம் அடித்து இருட்டிலும் வண்ணப்படம் எடுக்கும் கேமரா உண்டு. அழகாக எடுக்கும், ஒரே ஒரு முறை. அதன் பிறகு அந்த மிருகம் அந்தப் பக்கமே வராது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் கறுப்பு வெள்ளையாக எடுக்கும் கேமரா உண்டு. மிருகத்துக்குத் தெரியாது, திரும்பத் திரும்ப வரும். படத்தைச் செல்போனுக்கு அனுப்பும் கேமராவும் உண்டு. எங்கள் பள்ளத்தாக்கில் அதை வாங்குகிறவர் அதைத் தூக்கிக்கொண்டு மலைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும், மலைமேல் கோழி கிடையாது.

எல்லாக் கேமராவுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. அது மிருகத்தைப் பார்ப்பதில்லை. எதிரே இருப்பவற்றில் எது மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறது, எது நகர்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறது. எல்லாமே சூடாக இருக்கும் நாளில் நாய் கண்ணெதிரே நடந்து போனாலும் அதற்குத் தெரியாது. இதைப் படித்தபோது, என்னைக் கதை எழுதச் சொன்ன சிற்றிதழ்க்காரர் நினைவுக்கு வந்தார். "உங்க வாழ்க்கைய எழுதுங்க, அதுல சூடு இருக்கு" என்றார். ஐயா, எனக்கு எல்லாமே சூடுதான், அதனால்தான் நாயை எழுதுகிறேன்.

வேகமான, கண்ணுக்குத் தெரியாத, விலையும் தாங்குகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ரஸ்ஸையும் லின்டலையும் கல்லாவுக்கு முன்னால் ஒன்றாக நிறுத்தினேன்.

"இதான்," என்றேன்.

"நல்லா வேலை செய்யுமா?" என்று லின்டல் கேட்டார். குரலில் நம்பிக்கையே இல்லை. செய்யாது என்று நான் சொல்வேனா என்று காத்திருந்தார்.

"எறும்பு தும்முனாக்கூட எடுக்கும்."

"அருமை," என்றார் ரஸ், பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி.

சிரிப்பு போய் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். ஊர் பார்க்கச் சவால் விட்டுவிட்டு, பதில் தெரிந்துவிடக் கூடாது என்று நிற்கிற இரண்டு பெரிய மனிதர்கள். கேள்வி என்று ஒன்று இருந்தால் பதில் என்று ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடித்து எழுதினால் மேலே போகலாம் என்று நம்பித்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். எங்கள் வீட்டில் ஒரு பொருளின் கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படித்த முதல் ஆள் நான். தெரியாமல் இருப்பது எவ்வளவு விலை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள வசதி இருந்தும் வேண்டாம் என்கிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கோபத்தில்தான் விற்றேன். பேட்டரிகளையும் நானே எடுத்துக் கொடுத்தேன், நல்லதாக.

5

அவர்களே கட்டினார்கள். எனக்குக் கடை இருந்தது. சில நாள் கழித்து, ரஸ் கேமராவின் மெமரி அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். லின்டலும் பின்னாலேயே வந்தார். கடைக் கணினியில் போட்டேன்.

வெள்ளை. அடுத்த படமும் வெள்ளை. அடுத்ததில் ஒரு மரக்கிளையின் நிழல், அதற்கப்புறம் வெள்ளை, வெள்ளை, புல், ஒரு பெரிய சூரியன், வெள்ளை. கணினி திணறும் அளவுக்கு.

"அடடா," என்றார் ரஸ். மகிழ்ச்சியை மறைக்க மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வடக்க பாத்து வச்சிருக்கீங்க," என்றேன்.

"புக்குல அப்படித்தான் போட்டிருக்கு." சட்டைப்பையிலிருந்து கையேட்டை எடுத்து, பைபிள் வாசிப்பதுபோல வாசித்தார். "சூரியன் நேராக விழாமலிருக்க வடக்கு நோக்கிப் பொருத்தவும்."

"போட்டிருக்கு," என்றார் லின்டல். "நானும் படிச்சேன்."

கையேடு உலகத்தின் மேல்பாதியில் இருக்கிறவர்களுக்காக அச்சடித்தது. இங்கே சூரியன் நாள் முழுக்க வடக்கேதான் நிற்கும். இது இந்த ஊரில் துணி காயப்போடுகிற எல்லோருக்கும் தெரியும்.

"ரஸ், உங்க மரத்துல ஆப்பிள் எந்தப் பக்கம் மொதல்ல செவக்கும்?"

பூட்ஸைப் பார்த்தார். "வடக்குப் பக்கம்."

"ஏன்?"

"வெயிலு அங்கேருந்துதான வருது."

"அப்பறம்?"

"புக்கு எழுதுனவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது, மாஸ்? நான் பள்ளிக்கூடத்த பாதில விட்டவன்."

லின்டல் இருமினார். அது இருமல் இல்லை. பிறந்ததிலிருந்து எந்தக் கையேட்டையும் பிரிக்காத இரண்டு பேர், ஒரு மரத்தடியில் நின்று, ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரு தவறான புத்தகத்துக்கு முழு மனதோடு கீழ்ப்படிந்திருக்கிறார்கள். ரஸ் வேண்டுமென்றே செய்தார் என்று லின்டலுக்குத் தெரியாது. லின்டல் தெரிந்தே விட்டார் என்று ரஸ்ஸுக்குத் தெரியாது. நான் கல்லாவில் தலையை வைத்துச் சிரித்தேன், அவர்களும் காரணம் தெரியாத மாதிரி கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

இந்தப் பகுதியை இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். முடித்துவிட்டுக் கூட வைத்திருந்தேன்.

ஆனால் மறுநாள் காலை ரஸ் தன் தொப்பியைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் வேலியோரம் வந்து நின்றார். தொப்பிக்குள் ஒரு கறுப்புக் கோழி. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. வெயில் பட்டு இறகு பச்சையாக மின்னிக்கொண்டுதான் இருந்தது.

லின்டல் பேருந்துச் சாவியோடு படியில் நின்றிருந்தார். நெவில் அவர் காலடியில், வாலை ஆட்டிக்கொண்டு, ரஸ்ஸைப் பார்த்த சந்தோஷத்தில்.

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு," என்றார் ரஸ். "அதத்தான் கண்காட்சிக்கு வச்சிருக்கேன்." கோழியை விரலால் நீவினார். "இவ பெருசா எதுலயும் ஜெயிச்சதில்ல. ஆனா கூப்ட்டா வருவா."

லின்டல் குனிந்து நெவிலின் வாயைப் பார்த்தார். எங்கள் முன்னாலேயே உதட்டை விலக்கி, பல்லை, ஈறை, நாக்கின் அடியை. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதால் எதுவும் தீரவும் இல்லை.

"மாஸ்," என்றார் ரஸ். "நீ ஒழுங்கா வச்சுரு."

"வச்சுரு கண்ணு," என்றார் லின்டல்.

6

வைத்தேன். தெற்குப் பார்க்க, முழங்கால் உயரத்தில், பாதைக்குக் குறுக்கே இல்லாமல் பாதையோடு சாய்த்து, அப்போதுதான் வருகிற மிருகம் அதிக நேரம் அதன் கண்ணில் இருக்கும். முன்னாலிருந்த புல்லைப் பிடுங்கினேன். புல் ஆடினால் அதையும் எடுத்துத் தொலைக்கும். கைக்குக் கீழே அந்தச் சின்னப் பெட்டி குளிர்ச்சியாக, எதையும் பொருட்படுத்தாமல் இருந்தது. அதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொறாமையாக இல்லை. கால் வலித்தது.

இப்போது காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறவர்கள் செய்யும் அயோக்கியத்தனத்தை நானும் செய்தேன்: முடிவுகளை எழுதி வைத்துக்கொண்டேன்.

முடிவு: குவோல். பூனை அளவு இருக்கும், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், இந்தத் தீவின் காட்டுப் பிராணி. கோழி என்றால் உயிர். படத்தில் அது, வாயில் கறுப்பு இறகு. நெவில் தப்பினான். ரஸ் கண் கலங்குகிறார், லின்டல் அவர் முதுகில் தட்டுகிறார், வாசகர் இயற்கையை நினைத்து உருகுகிறார். எழுதி முடித்துப் படித்தபோது அழிக்கச் சொல்லிக் கை அரித்தது. ஊர் மண்டபத்துக்கு வந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியாத, யாருடைய சோபாவிலும் தூங்காத ஒரு பிராணிமேல் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாக டீ குடிக்கிறார்கள். இந்த முடிவை நான் நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன். மனிதர்களை வைத்து.

முடிவு: யாருமே இல்லை. வளை தோண்டிப் புல் தின்னும் வாம்பட் ஒன்றின் பின்பக்கம். கேமரா பட்டையைக் கடிக்கிற பாஸம் என்ற மரமேறிப் பிராணி. அப்புறம் விடியற்காலையில் ரஸ், உள்சட்டையோடு, கையில் டோஸ்ட், எதிரே நெவில் உட்கார்ந்து கையை நீட்டுகிறான். லின்டல் படத்தைப் பார்த்து, "ரஸ் டாகெட், அவனுக்கு ஏன் எடை குறையலன்னு நான் ரெண்டு டாக்டர மாத்திட்டேன்" என்கிறார். இதில் சிரிப்பு வரும். கோழியைக் கொன்றது யார் என்பது மட்டும் வராது.

முடிவு: நெவில். இதையும் எழுத வேண்டும் அல்லவா? எழுதாவிட்டால் நான் யாரைக் கோபித்துக்கொண்டேனோ அவர்களைவிட எந்த விதத்தில் உசத்தி? எழுதினேன். படம் தெளிவாக இருக்கிறது. லின்டல் மறுத்துப் பேசவில்லை. டாக்டருக்கு அவரே போன் செய்கிறார். காரின் பின்கதவைத் திறக்கிறார், நெவில் எப்போதும்போல முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஜன்னலை இறக்கச் சொல்லி மூக்கால்

இதற்கு மேல் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை.

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கேமராவைக் கழற்றினேன். அட்டையைத் தனியாக எடுக்கவில்லை, இந்த வகையில் பின்னாலேயே ஒரு சின்னத் திரை உண்டு. ரஸ்ஸின் வராந்தாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். படத்தைப் பார்க்கவில்லை. சத்தியமாக. மூன்று பேரும் சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு.

ரஸ் எனக்கு முன்னாலேயே மேசையில் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் ஒரு பெட்டி பீர். முழுப்பெட்டி, பிரிக்காதது, குளிர்ந்து வேர்த்திருந்தது.

இதை நான் விளக்கியாக வேண்டும். இந்தப் பக்கத்து ஆண்கள் மன்னிப்புக் கேட்பதில்லை. வாய் அதற்குப் பழக்கமில்லை. தப்பு தன்மேல் என்று தெரிந்தால் ஒரு முழுப்பெட்டி பீரை வாங்கிக்கொண்டுபோய் எதிராளியின் முன்னால் வைப்பார்கள். அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. பாதிப்பெட்டிக்குக் கணக்கில்லை. பாரிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து வரும்போதே ஊருக்குத் தெரிந்துவிடும், ரஸ் டாகெட் இறங்கி வந்துவிட்டார் என்று.

ரஸ் இன்னும் படத்தையே பார்க்கவில்லை.

"நடந்தே கொண்டாந்தீங்களா?" என்றேன்.

"யூட் ரிப்பேரு," என்றார். காலையில்கூட ஓடிய யூட், அவருடைய திறந்த சரக்கு வண்டி, வராந்தாவுக்குப் பக்கத்தில் நின்றது.

அப்போது லின்டல் வந்தார். நெவில் கழுத்தில் கயிறு. அவனுக்குக் கயிறு போட்டு நான் பார்த்ததே இல்லை. லின்டலின் இன்னொரு கையில் நெவிலின் கம்பளி, சுருட்டி, பையில் போட்டு. காரை ரஸ்ஸின் வாசலிலேயே, தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தார்.

அவரும் படத்தைப் பார்க்கவில்லை.

அவர் பீர்ப் பெட்டியைப் பார்த்தார். ரஸ் கம்பளியைப் பார்த்தார்.

"என்ன அது?" என்றார் லின்டல்.

"தாகமா இருந்துச்சு."

"ஒரு பெட்டி தாகமா?"

"அது என்ன பையில?"

"குளுரும்ல டாக்டர்கிட்ட. சிமெண்டு தரை."

ரஸ் முகத்தை ஆப்பிள் மரங்களின் பக்கம் திருப்பிக்கொண்டார். "உக்காரு லின்டல்," என்றார். "இருக்கற ஒண்ண நான் துணி தொவைக்கற ரூம்புலயே வச்சுக்கறேன். வெளிய விடப்போறதில்ல. அதுக்கும் அங்க பழகிடுச்சு. மெஷின் ஓடுனா கூடவே பாடுது."

"கோழி வெயில்ல இருக்கணும் ரஸ்."

"தெரியும்."

"அப்ப ஊருக்கு என்ன சொல்லுவ?"

"பெட்டிய எல்லாரும் பாத்தாங்க."

லின்டல் உட்கார்ந்தார். கயிற்றை விடவில்லை. நெவில் இருவருக்கும் நடுவில் படுத்து, ஒருவர் பூட்ஸில் தலையையும் மற்றவர் பூட்ஸில் வாலையும் வைத்துக்கொண்டான். வாசகரே, இதை நான் சேர்க்கவில்லை. நான் சேர்த்திருந்தால் இவ்வளவு இனிப்பாகச் சேர்த்திருக்க மாட்டேன்.

"நீ பாரு மாஸ்," என்றார் ரஸ். "நீதான் படிச்சவ."

"நீயே பாத்துச் சொல்லு கண்ணு," என்றார் லின்டல். "சத்தமா வேணாம். மூஞ்சிய மட்டும் காட்டு."

8

கேமரா என் மடியில் இருக்கிறது. திரையை எழுப்பிவிட்டேன். இரண்டே வரிகள்தான் நிற்கின்றன, ஒன்றன் கீழ் ஒன்று: பார். எல்லாவற்றையும் அழி.

தோற்கத் தயாராக வந்த இரண்டு பேர். ஒருவர் செத்த கோழிகளுக்குக் கணக்குக் கேட்காமல் விட்டுவிட வந்திருக்கிறார், இன்னொருவர் நாயை விட்டுவிட. இரண்டில் ஒருவருக்கு அது தேவையில்லாமல் போகலாம். அதற்குப் படத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் இரண்டில் ஒருவர் வந்த வேலையை முடிக்க வேண்டியும் வரலாம். அழித்தால் அந்தக் கோழி துவைக்கும் அறையிலேயே கிழடாகும், நெவில் வெளியே ஓடும் ஒவ்வொரு காலையும் லின்டல் அவன் வாயைப் பிரித்துப் பார்ப்பார். தெரியாமல் இருப்பதன் விலை என்று நான்காம் பகுதியில் பெரிதாகப் பேசினேன் அல்லவா? அந்த விலைப்பட்டியல் இதுதான்.

இந்த இடத்தில் எழுதுகிறவள் ஏதாவது செய்ய வேண்டும். வேகமான கேமராவை விற்றவள், தெற்கே திருப்பி வைத்தவள், பதில் வேண்டும் என்று குதித்தவள்.

படத்தில்

ரஸ்ஸின் முதல் பீர் திறக்கிற சத்தம். என்னிடம் நீட்டவில்லை, லின்டலிடம் நீட்டினார். லின்டல் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

கயிறு அவர் கையிலிருந்து நழுவித் தரையில் கிடக்கிறது.

நான் அதை எடுத்துக்கொள்கிறேன். நெவிலை ஆற்றங்கரைவரை நடத்திக் கூட்டிப்போகிறேன். இவ்வளவு நேரம் கட்டிப்போட்டால் அவனுக்கு முட்டிக்கொண்டிருக்கும். கேமரா மேசைமேல் இருக்கிறது, உங்கள் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன், திரை இன்னும் அணையவில்லை. என்னை நம்பி இவ்வளவு தூரம் வந்தீர்கள், அதனால் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்: எதை அழுத்தினாலும் ஒரு சின்னச் சத்தம் வரும், அவர்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து உங்கள் மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள்.

நாங்கள் திரும்பி வர நேரமாகும். நெவில் ஒவ்வொரு மரமாக நிற்பான்.